வயலினைத் திரும்ப எடுப்பவர்கள் வெறும் தந்தியிலிருந்து தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விஜயதசமியன்று வயலின் வகுப்புக்கு வருகிறவர்களில் இப்போதெல்லாம் தலை நரைத்தவர்களையும் பார்க்க முடிகிறது. பள்ளி நாளில் நாலைந்து வருடம் கற்று, தொடக்கப் பாடங்களைத் தாண்டி வர்ணம் என்ற உருப்படி வரை வந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கியதும் பெட்டியை மூடிப் பரணில் ஏற்றியவர்கள் அவர்கள். வேலை, கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரு கரைக்கு வந்தபின் ஆசை திரும்ப எழுகிறது. பெட்டியை இறக்கித் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் மார்கழிக் கச்சேரிகள் தொடங்குவதற்குள் இவர்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். "வயசாகிவிட்டது, விரல் வளையவில்லை" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வயலின் கற்பிக்கிறவர்கள் என்ற முறையில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தோம். இவர்களை நிறுத்துவது பெரும்பாலும் வயது அல்ல. ஒன்று, பழுதாகிக் கிடக்கும் வாத்தியம். இன்னொன்று, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்ற நினைப்பு. இரண்டையும் சரிசெய்துவிட்டால் ஐம்பது வயதிலும் நல்ல நாதம் வருகிறது.

முதலில் வாத்தியம். இருபது வருடம் மூடிக் கிடந்த வயலினைத் திறந்தவுடன் தந்தியை முறுக்கிச் ஸ்ருதி சேர்க்க முயல்வதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அதற்கு முன் வாத்தியத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து, மிக மெல்லிய முதல் தந்திப் பக்கத்தில் இருக்கும் எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே பாருங்கள். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையின் காலுக்குச் சற்றுப் பின்னால், மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே, சுண்டுவிரல் பருமனுக்கும் குறைவான ஒரு மரக்குச்சி நிற்க வேண்டும். சவுண்ட் போஸ்ட் என்பது அதுதான். அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. தந்திகள் எல்லாம் தளர்ந்துபோன வாத்தியத்தில் அது விழுந்து உள்ளே உருண்டுகொண்டிருக்கலாம். லேசாக ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்கும். அது விழுந்த நிலையில் தந்தியை முறுக்கினால், குதிரையின் அழுத்தம் முழுவதையும் மேல் பலகை தனியாகத் தாங்க வேண்டிவரும். பலகை உள்வாங்கும், விரிசலும் விடலாம். ஆகவே குச்சி நிற்கவில்லை என்றால் அப்படியே வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். குச்சியைத் துளை வழியாக நிறுத்த வளைந்த கம்பி ஒன்று தேவை. எந்த இடத்தில் நிறுத்துவது என்ற அனுபவமும் தேவை. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நாதம் மாறிவிடும். இதே காரணத்தால்தான் தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது என்கிறோம். ஒன்றைக் கழற்றிப் புதியதைக் கட்டி முறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

அடுத்து ஓரங்கள். மேல் பலகையும் அடிப் பலகையும் பக்கப் பட்டையோடு சேரும் விளிம்பைச் சுற்றிலும் விரல் மூட்டால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் சலசலப்பாகக் கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. வயலினை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரத்தால். அது ஈரத்திலும் வெப்பத்திலும் இளகிவிடும். அது அதன் குறை அல்ல. மரம் சுருங்கி விரியும்போது பலகை வெடிப்பதற்குப் பதிலாக ஒட்டு விட்டுக்கொடுக்கிறது. மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். அந்த இடத்தில் ஃபெவிகாலையோ எபாக்ஸியையோ வீட்டிலேயே தடவிவிட்டால் பிறகு எந்தத் தச்சராலும் பலகையைச் சேதமில்லாமல் திறக்க முடியாது. இப்படிக் கெட்டுப்போன நல்ல பழைய வாத்தியங்கள் நிறைய. தயவுசெய்து இந்த ஒன்றையாவது செய்யாதீர்கள். மேசை நாற்காலிக்குப் போடும் பாலிஷ், தேங்காய் எண்ணெய் இவற்றையும் மேலே பூச வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

குதிரையைப் பலர் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அதன் ஒரு பக்கம் தாழ்ந்தும் மறு பக்கம் உயர்ந்தும் இருக்கும். தாழ்ந்த பக்கம் முதல் தந்திக்கு, உயர்ந்த பக்கம் நான்காம் தந்திக்கு. மாற்றி வைத்தால் மெல்லிய முதல் தந்தி விரல் பலகையிலிருந்து எக்கச்சக்கமாக எழும்பி நிற்கும். அழுத்தினால் விரல் அறுந்துபோவதுபோல் வலிக்கும். விரல் பலகை முடியும் இடத்தில் முதல் தந்திக்கும் பலகைக்கும் இடைவெளி 3 முதல் 3.5 மி.மீ., நான்காம் தந்திக்கு 5 மி.மீ. அளவில் இருந்தால் சரி. குதிரையின் இரண்டு கால்களும் எஃப் துளைகளின் உள்வெட்டுகளுக்கு நேராக நிற்க வேண்டும். தந்தியை முறுக்க முறுக்கக் குதிரையின் தலை விரல் பலகைப் பக்கம் சாயும். ஒவ்வொரு முறையும் ஸ்ருதி சேர்த்தபின் பக்கவாட்டில் பாருங்கள். வால்பகுதியை நோக்கிய முகம் மேல் பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் இரண்டு கை விரல்களாலும் மேல் முனையைப் பிடித்து மெதுவாக நிமிர்த்துங்கள். இதைக் கவனிக்காவிட்டால் குதிரை ஒருநாள் படாரென்று விழும், அல்லது நிரந்தரமாக வளைந்துபோகும்.

தந்தியை முறுக்கும் மர முளையான பிருடை பற்றிய புகார்தான் எப்போதும் அதிகம். மழைக்காலத்தில் மரம் ஈரம் உறிஞ்சி உப்புவதால் பிருடை இறுகித் திரும்ப மறுக்கும். ஏசி அறையில் இரவு முழுக்க வைத்தால் மரம் உலர்ந்து சுருங்கி, காலையில் பார்க்கும்போது நான்கு தந்திகளும் அவிழ்ந்து கிடக்கும். பிருடையைத் திருப்பும்போது உள்ளே அழுத்தியபடி திருப்ப வேண்டும். அழுத்தாமல் திருப்பினால் நிற்காது. பிருடைக்கென்று விற்கும் பசை கிடைத்தால் அதைப் பூசுங்கள். கிடைக்காதவர்கள் உலர்ந்த சோப்பையும் வெள்ளைச் சாக்பீஸையும் பிருடை துளையில் உரசும் இரண்டு இடங்களிலும் தேய்க்கலாம். சோப்பு வழுக்கல் தரும், சாக்பீஸ் பிடிப்புத் தரும். எது குறைகிறதோ அதை இன்னும் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாம். பரணில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வேண்டாம். அந்தச் சூட்டில் வஜ்ஜிரம் இளகி ஒரே மதியத்தில் ஒட்டு விட்டுவிடும்.

பழைய வில்லைத் திறந்தால் முடி கொத்துக்கொத்தாக அறுந்து கிடப்பதைப் பார்க்கலாம். இருட்டில் மூடிக் கிடந்த பெட்டிக்குள் ஒருவகைச் சிறு வண்டின் புழு குதிரைவால் முடியைத் தின்றுவிடுகிறது. பெட்டியைக் காலி செய்து, உள் துணியைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்து, பெட்டியை மட்டும் இரண்டு நாள் வெயிலில் திறந்து வையுங்கள். வயலின் வெயிலைப் பார்க்க வேண்டியதில்லை. முடி மாற்றிக் கட்டலாம். சாதாரண வில்லாக இருந்தால் புதிய வில் வாங்குவதே லாபம். இறுக்கியே வைத்திருந்த வில்லின் குச்சி ஒரு பக்கம் கோணியிருக்கும். முனையிலிருந்து கண்ணை ஓட்டிப் பார்த்தால் தெரியும். அது திருந்துவது கடினம்.

வில்லை இறுக்குவதற்கு ஓர் அளவு: நடுப்பகுதியில் குச்சிக்கும் முடிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும். குச்சி உள்நோக்கிய வளைவை இழந்து நேராகிவிட்டால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். வாசித்து முடித்ததும் தளர்த்த வேண்டும், ஒருநாளும் தவறாமல். வில் முடியில் தேய்க்கும் பிசினான ரோஸின் கட்டி காய்ந்து கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகக் கீறிக்கொள்ளுங்கள். புது முடிக்கு 30, 40 தடவை தேய்த்தால்தான் பிடிப்பு வரும். அதன்பின் தினமும் நாலைந்து இழுப்பு போதும். ரோஸின் குறைந்தால் வில் வழுக்கிக் காற்றுச் சத்தம் வரும், அதிகமானால் கரகரக்கும். முடியை விரலால் தொடவே கூடாது. நம் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் முடி தந்தியைப் பிடிக்காது, அங்கே ஊமையாகிவிடும். ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கும் கமகத்துக்காக இடக்கை விரல் நுனியில் துளி எண்ணெய் தொட்டுக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. தவறில்லை, ஆனால் அந்தக் கை, வில் ஓடும் இடத்தில் தந்தியைத் தொடக் கூடாது.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. பத்து வயதில் வாங்கிய வயலின் முழு அளவுதானா என்று அளந்து பாருங்கள். அடிப் பலகையின் நீளம், கழுத்தடிக் குமிழை விட்டுவிட்டு, 35.5 செ.மீ. அளவில் இருந்தால் முழு அளவு. 33.5 செ.மீ. என்றால் அது முக்கால் அளவு, சிறுவர்களுக்கானது. பெரியவர்கள் அதில் வாசித்தால் விரல்கள் நெருங்கி முட்டிக்கொள்ளும். மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றியபின் வரும் சிக்கலைக் கீழே சொல்கிறோம்.

இனி உடம்பு. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் இந்த மேல்நாட்டு வாத்தியத்தை நம் இசைக்குள் கொண்டுவந்து, நம்மவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியதில் பெரிய வசதி ஒன்று பிறந்தது. வயலினின் தலை வலது கணுக்காலிலும், அடிப்பகுதி இடது காறை எலும்பின் அருகிலும் தாங்கி நிற்கிறது. இடக்கை வாத்தியத்தைச் சுமக்க வேண்டியதில்லை. அதனால்தான் விரல் தந்தி முழுக்க வழுக்கிக் கமகம் பிடிக்க முடிகிறது. பழகுகிறவர்கள் இதை ஒரு சோதனையால் சரிபார்க்கலாம். வாசிக்கும்போது இடது கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். வாத்தியம் அசையாமல் நின்றால் உட்கார்ந்தது சரி. சரிந்தால், நீங்கள் கட்டைவிரலால் கழுத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறீர்கள். கமகம் வராததற்கும் மணிக்கட்டு வலிப்பதற்கும் அதுவே காரணம். பட்டுப் புடவையிலும் வழவழப்பான சட்டையிலும் மரம் வழுக்கும். அந்த இடத்தில் ஒரு பருத்திக் கைக்குட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். கணுக்கால் எலும்பு உறுத்தினால் ஒரு சிறு துண்டை மடித்து வைக்கலாம்.

முழங்கால் மடங்காதவர்கள் நிறையப் பேர். தரையில் வெறுமனே உட்காராமல், மடித்த ஜமக்காளத்தையோ மூன்று நான்கு அங்குல உயர மணைப்பலகையையோ போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் இடுப்பு உயர்ந்து முழங்காலின் பாரம் குறையும். மெத்தை மீது உட்கார வேண்டாம். அமுங்கும்போது முதுகு கூனும். கெட்டியான திவான் பரவாயில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டிவிட்டு மறுபடி உட்காருங்கள். நோட்டுப் புத்தகத்தைத் தரையில் விரித்துக் குனிந்து பார்ப்பதும் கழுத்துவலிக்குக் காரணம். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்கு அந்தத் தூரம் தெளிவாகவும் தெரியாது. ஸ்வரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சாய்வாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடக்கை நகத்தை விரல் நுனிக்கு உள்ளே இருக்கும்படி ஒட்ட வெட்டுங்கள். நகம் நீண்டால் விரல் படுத்துக்கொள்ளும், நாதம் மழுங்கும். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். விரல் நுனி முதல் இரண்டு மூன்று வாரம் வலிக்கும், பிறகு காய்த்துவிடும். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் வாசித்துத் தோல் கிழிந்தால் நாலு நாள் தொட முடியாது. அதைவிடக் காலை இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம் நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரத்தச் சர்க்கரை பார்ப்பதற்கு இடக்கை விரல் நுனியைக் குத்தாமல் வலக்கை விரலின் பக்கவாட்டில் குத்திக்கொள்ளுங்கள். விரலில் மரமரப்பு இருந்தால் தந்தி அறுத்தது தெரியாமல் போகும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தினமும் வாசித்தபின் விரல் நுனியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மிக முக்கியமானது. வர்ணத்தில் நிறுத்தியவர் வர்ணத்திலிருந்தே தொடங்க விரும்புகிறார். வியப்பு என்னவென்றால், விரல்களுக்கு அது ஞாபகமும் இருக்கிறது. மோகன வர்ணம் பல்லவி தட்டுத்தடுமாறி வந்துவிடும். வந்ததும், "மறக்கவில்லையே" என்று மகிழ்ச்சி. ஆனால் கூடவே சேர்ந்து வந்தவை: ஸ்ருதி விலகிய காந்தாரம், விறைத்த வலக்கைச் சுண்டுவிரல், வளைந்து ஓடும் வில். விரல் பழைய பாடத்தை மட்டும் அல்ல, பழைய பிழைகளையும் பத்திரமாக வைத்திருக்கிறது. அதே சமயம் இந்த இருபது வருடத்தில் அவருடைய காது வெகுதூரம் முன்னேறிவிட்டது. எத்தனையோ கச்சேரி கேட்டாகிவிட்டது. லால்குடி ஜெயராமனின் வில்லிலிருந்து வந்த நாதம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தன் கையிலிருந்து வருவதை அந்தக் காதால் கேட்கும்போது மனம் உடைந்துபோகிறது. குழந்தைக்கு இந்தத் துன்பம் இல்லை. அதற்குக் கேள்வி ஞானமும் கையும் ஒன்றாகவே வளர்கின்றன. பெரியவருக்குக் காது முன்னால் ஓடுகிறது, கை பின்தங்குகிறது. அந்தக் காது பெரிய சொத்து. ஆனால் அதைத் தீர்ப்புச் சொல்ல விடாமல் வேலைக்கு வைக்க வேண்டும். அதற்கு வழி, மிக எளிய ஒன்றை மிகச் சுத்தமாக வாசிப்பது.

ஆகவே முதல் இரண்டு வாரம் இடக்கைக்கு வேலையே வேண்டாம்; விரல் வைக்காத வெறும் தந்தியே போதும். 5 கட்டை ஸ்ருதியில் சேர்ப்பதானால் முதல் தந்தி மத்ய (நடு ஸ்தாயி) பஞ்சமம், இரண்டாவது மத்ய ஸட்ஜம், மூன்றாவது மந்த்ர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம், நான்காவது மந்த்ர ஸட்ஜம். ஸ்ருதி காட்டும் கருவியில் முறையே சுமார் 587, 392, 294, 196 ஹெர்ட்ஸ். கடைகளில் கிடைக்கும் தந்திகள் மேல்நாட்டு ஸ்ருதிக்குச் செய்தவை. 5 கட்டைக்கு மூன்றாவதும் நான்காவதும் அப்படியே பொருந்தும். முதல் இரண்டும் ஒரு முழு ஸ்வரம் இறங்கும். அதனால் இறுக்கம் அதிகம் மாறாது. இரண்டு கட்டைக்குக் கீழே போனால் அதே தந்தி தொளதொளத்து, வில்லுக்கு எதிர்ப்பே தராமல் போகும். திரும்பத் தொடங்குகிறவர்கள் உயர்ந்த கட்டையிலேயே பழகுவது நல்லது.

நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தந்தியில் நான்கு தட்டு கீழ் வில், நான்கு தட்டு மேல் வில். முடி முழுவதும், அடியிலிருந்து நுனிவரை ஓட வேண்டும். இரண்டாம் வாரம் எட்டுத் தட்டுக்கு ஒரு வில், அதாவது ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் முழுக்க ஒரே இழுப்பு. வில் ஓடும் இடம் குதிரைக்கும் விரல் பலகையின் முனைக்கும் நடுவே. எதிரே ஒரு கண்ணாடியை வைத்து, வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று பாருங்கள். நுனிக்கு வரும்போது வில் வளைந்து விரல் பலகைப் பக்கம் ஏறினால், தோளிலிருந்து கை முழுவதையும் வீசுகிறீர்கள்; முழங்கையிலிருந்து முன்கை மட்டும் திறக்க வேண்டும். தொடக்கத்தில் மட்டும் கரகரவென்றால் அழுத்தத்தோடு வில்லை வைக்கிறீர்கள். விசில் போன்ற கீச்சுக்குரல் வந்தால் குதிரைக்கு மிக அருகில், பாரமில்லாமல் இழுக்கிறீர்கள். சத்தம் நடுங்கினால் வலக்கைக் கட்டைவிரல் விறைத்திருக்கிறது. அதை லேசாக மடக்குங்கள். இந்தப் பத்து நிமிடப் பயிற்சியைச் சலிப்பு என்று தள்ளுகிறவர்கள் பிறகு எதை வாசித்தாலும் அதில் இதே குறைகள்தான் கேட்கும்.

மூன்றாம் வாரம், தொடக்கப் பாடங்களுக்கான ராகமான மாயாமாளவகௌளை. இரண்டாம் தந்தியில் வெறும் தந்தி ஸட்ஜம், ஆள்காட்டி விரலில் ரிஷபம், நடுவிரலில் காந்தாரம், மோதிர விரலில் மத்யமம். முதல் தந்தியில் வெறும் தந்தி பஞ்சமம், பிறகு அதே விரல்களில் தைவதம், நிஷாதம், மேல் ஸட்ஜம். முழு அளவு வயலினில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 33 செ.மீ. அதில் ரிஷபம் மேல் முனையிலிருந்து 2 செ.மீ., காந்தாரம் 6.5 செ.மீ., மத்யமம் 8.2 செ.மீ. தூரத்தில் விழும். முதல் தந்தியிலும் இதே அளவுகள்தான். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நாலரை செ.மீ. அகலம்! பெரியவர்களின் கை இங்கேதான் திணறுகிறது. விரல் இறுகியிருப்பது ஒரு காரணம். முக்கால் அளவு வயலினில் கற்ற ஞாபகம் இன்னொரு காரணம். அதில் காந்தாரம் 6.2 செ.மீ. அளவிலேயே கிடைத்துவிடும். முழு அளவுக்கு மாறியபின்னும் விரல் பழைய இடத்திலேயே விழ, காந்தாரம் மூன்று நான்கு மில்லிமீட்டர் குறைந்து, கேட்டவுடன் தெரியும் அளவுக்கு இறங்கி ஒலிக்கும். விரலைப் பிடித்து இழுத்து விரிக்காதீர்கள். மணிக்கட்டைச் சற்று முன்னால் விட்டு, முதலில் நடுவிரலைக் காந்தாரத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்து ஆள்காட்டி விரலைப் பின்னால் ரிஷபத்துக்கு நீட்டிப் பழகுங்கள். அப்படி விரிவது எளிது.

விரல் பலகையில் பென்சிலால் கோடு போடுவதும், ஸ்டிக்கர் ஒட்டுவதும், ஸ்ருதி காட்டும் செயலியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதும் வேண்டாம் என்போம். கண் வேலை செய்யத் தொடங்கினால் காது ஓய்வெடுத்துவிடும். வாத்தியத்திலேயே சோதனை இருக்கிறது. முதல் தந்தியில் மோதிர விரலால் மேல் ஸட்ஜத்தைச் சரியாகப் பிடித்தால், தொடாத இரண்டாம் தந்தி தானாக அதிரும், கண்ணுக்கே தெரியும். ஒரு மயிரிழை விலகினாலும் அதிராது. மூன்றாம் தந்தியில் மோதிர விரல் பிடிக்கும் ஸட்ஜமும் வெறும் இரண்டாம் தந்தியும் ஒரே ஸ்வரம். இரண்டையும் சேர்த்து வில் போட்டால் அலையடிக்காமல் ஒன்றாக ஒலிக்க வேண்டும். தம்பூரா ஆப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

முதல் பாடமான ஸரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது ஒன்றைவிட ஒன்று இரட்டிப்பான மூன்று வேகத்திலும், வாசிக்கும்போது எல்லோரும் முதல் காலத்தை வசதியான வேகத்தில் எடுத்து, மூன்றாம் காலத்தில் சிதறுகிறார்கள். கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மூன்றாம் காலம் எந்த வேகத்தில் சுத்தமாக வருகிறதோ, அதில் நாலில் ஒரு பங்குதான் உங்கள் முதல் காலம். அது நிமிடத்துக்கு 40 தட்டு என்றால் 40தான். முதல் காலத்தில் ஸ்வரத்துக்கு ஒரு வில், இரண்டாம் காலத்தில் இரண்டு ஸ்வரத்துக்கு ஒரு வில், மூன்றாம் காலத்தில் நான்குக்கு ஒரு வில். மேலே ஏறும்போது வைத்த விரலை எடுக்காமல் அடுத்த விரலை வையுங்கள். இறங்கும்போது மோதிர விரலை எடுத்தால் நடுவிரல் ஏற்கெனவே காந்தாரத்தில் காத்திருக்கும். குழந்தைகள் இதை இயல்பாகச் செய்கிறார்கள். பெரியவர்கள் ஒவ்வொரு விரலையும் தூக்கித் தூக்கி வைப்பதால்தான் வேகம் வருவதில்லை.

ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் வேண்டும். அதற்காக வில்லைத் தந்தியைவிட்டுத் தூக்கக் கூடாது. ஜண்டைதான் பின்னால் வரும் கமகங்களுக்கு விரலைத் தயார்படுத்துகிறது என்பதால் இதில் ஒரு மாதம் தங்கினாலும் நஷ்டமில்லை. தாளப் பாடங்களான அலங்காரம் ஏழும் முடிந்து, எளிய பாட்டான ஒரு கீதம் ஸ்ருதி விலகாமல் வந்தபின் பழைய வர்ணத்தை எடுங்கள். முன்பு வர்ணம் வரை வந்தவர்களுக்கு இதற்கெல்லாம் நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது என்பது எங்கள் அனுபவம். அப்போதும் அந்த வர்ணத்தைப் பழைய நோட்டைப் பார்க்காமல், புதிதாகக் கற்பதுபோல் ஆசிரியரிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டு வாசிப்பது நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரவு வாசிக்கிறவர்கள் சத்தத்தைக் குறைக்கக் குதிரைமேல் மாட்டும் ரப்பர் மியூட் வாங்கிக்கொள்ளலாம். எப்போதும் அதையே மாட்டி வாசித்தால் சத்தம் போதவில்லை என்று கை தானாக அழுத்தத் தொடங்கும். வாரத்தில் மூன்று நாளாவது அது இல்லாமல் வாசியுங்கள். இணையவழி வகுப்பில் நீண்ட வில் போடும்போது சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு சொல்: சீராக ஒலிக்கும் தம்பூராவையும் நீண்ட ஸ்வரத்தையும் அந்தச் செயலி இரைச்சல் என்று நினைத்து வெட்டுகிறது. அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவிடுங்கள். போனை வலக்கைப் பக்கம் ஐந்தடி தள்ளி, வில்லும் இடக்கையும் தெரியும்படி வைத்தால் ஆசிரியரால் திருத்த முடியும்.

இவ்வளவும் தனி ஆசிரியரிடம் கற்க வசதியுள்ளவர்களுக்குச் சரி. சிறு ஊர்களில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வயலினும் மிருதங்கமும் நாதசுரமும் நல்ல ஆசிரியர்களைக் கொண்டு கற்பிக்கப்படுகின்றன. ஆனால் சேர்க்கை 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே, வகுப்பும் பகலில். முழுநேரமாகப் படித்துச் சான்றிதழ் பெற வரும் பிள்ளைகளின் இடத்தை யாரும் கேட்கவில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் அதே கட்டிடத்தில், வாரம் இரண்டு நாள், ஆறரை மணிமுதல் ஏழரைவரை, ஒரு வகுப்புக்கு ஐந்து பேருக்கு மிகாமல், தேர்வில்லாத ஒரு மாலைப் பிரிவை 25 வயதைக் கடந்தவர்களுக்காகத் தொடங்கலாம். ஆசிரியருக்குத் தனி மதிப்பூதியம் தர, சேருகிறவர்களிடம் நியாயமான கட்டணம் வாங்கினால் போதும். ஐந்து பேர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரின் வில்லையும் தனித்தனியாக இரண்டு முறை பார்த்துத் திருத்த அதற்குமேல் இயலாது. கலை பண்பாட்டுத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

ஊர்ச் சபாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். விஜயதசமிக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாத்தியம் பழுதுபார்ப்பவர் ஒருவரை வரவழைத்து உங்கள் அரங்கில் உட்கார வையுங்கள். பரணிலிருந்து இறக்கிய வயலின்களை ஊர்க்காரர்கள் கொண்டுவரட்டும். சவுண்ட் போஸ்ட் நிறுத்துவது, குதிரை சரிபார்ப்பது, பிருடைக்குப் பசை பூசுவது, தந்தி மாற்றுவது இந்த நான்கும் அன்றே முடிந்துவிடும் வேலைகள். விஜயதசமியன்று அவர்கள் வகுப்புக்கு வரும்போது கையில் இருப்பது வாசிக்கக்கூடிய வாத்தியமாக இருக்கும்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி